நம் வீட்டுக் குப்பையும் நம் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டவை. பள்ளியில் சுற்றுச்சூழல் பாடம் படித்துவிட்டு வந்து வீட்டில் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள், எங்களுக்குப் பதில் தெரியவில்லை என்று பெற்றோர் எழுதியிருக்கிறார்கள். மதுரையில் பல வருடம் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தவள் நான். அதனால் இந்தக் கடிதங்களின் மேல் எனக்குத் தனிப் பிரியம். சிலவற்றுக்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி ஃப்ளாட். நாலாம் வகுப்பு படிக்கும் மகள் பிடிவாதம் பிடித்ததால் பால்கனியில் ஒரு பக்கெட் வைத்து கம்போஸ்ட் போட ஆரம்பித்தோம். கொஞ்ச நாளிலேயே நாற்றம், புழு. பக்கத்து வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். கணவர் தூக்கி எறியச் சொல்கிறார். மகள் அழுகிறாள். என்ன செய்வது?
— ஒரு வாசகி, வேளச்சேரி

தூக்கி எறிய வேண்டாம். இன்று மாலையே சரிசெய்துவிடலாம்.

உங்கள் பக்கெட்டில் ஈரம் கூடிவிட்டது, காற்று குறைந்துவிட்டது. காய்கறிக் கழிவை மக்கச் செய்கிற நுண்ணுயிர்களுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் காற்றில்லாமல் வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகிவிடும். நாற்றம் அவற்றின் வேலை. பக்கெட்டில் இருப்பதை ஒரு பழைய சாக்கின் மேல் கொட்டுங்கள். அதே அளவு காய்ந்த சருகு அல்லது தென்னை நார்த்தூள் போட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு நன்றாகப் பிசிறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் இன்னும் சருகு வேண்டும். கை லேசாக ஈரமானால் போதும், அதுதான் சரியான பதம்.

பக்கெட்டின் அடியிலும் சுற்றிலும் ஓட்டை இருக்கிறதா? இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து டிரில் போட்டு வாங்குங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள். அதில் வடிகிற நீரை ஒன்றுக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றலாம். இனி ஒவ்வொரு நாளும் காய்கறித் தோல் எவ்வளவு போடுகிறீர்களோ அதற்குக் குறையாமல் சருகு போட்டு மூடிவிட வேண்டும். மேலே தோல் தெரியவே கூடாது. தெரிந்தால் ஈ வரும். சருகுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் குடியிருப்பில் தினமும் காலையில் யாரோ ஒருவர் மரத்தடியைக் கூட்டி, சருகைக் குப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார். அவரிடம் வாரம் ஒரு சாக்கு கேட்டு வாங்குங்கள். மரமே இல்லையென்றால் நர்சரியில் தென்னை நார்க் கட்டி கிடைக்கும், ஊறவைத்து உதிர்த்துப் பிழிந்துகொள்ளலாம். வாரம் ஒரு முறை ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் வேகம் கூடும்.

சாம்பார் சாதம், மீன் முள், கறிக் கழிவு எல்லாம் பால்கனி பக்கெட்டுக்கு ஆகாது. சிரட்டையும் மாங்கொட்டையும் மக்கப் பல வருடம் எடுக்கும், அவற்றையும் போட வேண்டாம். எலுமிச்சைத் தோல் கொஞ்சமாக இருக்கட்டும். வாழைப்பூ மடலை நறுக்கிப் போடுங்கள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள்.

புழு விஷயம். வெளிர் நிறத்தில், தடியாக, வரி வரியாக இருந்தால் அவை பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈ என்கிற பூச்சியின் புழுக்கள். கடிக்காது. வளர்ந்த பிறகும் வீட்டு ஈ மாதிரி நம் சாப்பாட்டை மொய்க்காது. கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். உண்மையில் உங்கள் மகளுக்கு அவை நல்ல பாடம். ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். அருவருப்பாக இருந்தால் சருகை அதிகமாக்கி, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள், குறைந்துவிடும்.

இரண்டு மூன்று மாதத்தில் கருப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் மாதிரி மணக்க ஆரம்பிக்கும். அப்போது எடுத்துத் தொட்டிக்குப் போடலாம்.

நீங்கள் வேளச்சேரியில் இருப்பதால் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். அதன் ஓரத்திலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு. நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழ பாதி மக்கக்கூடியது. அதைப் பிளாஸ்டிக்கோடு கலந்து மலையாகக் குவித்தால், காற்றுப் போகாத அடி ஆழத்தில் மீத்தேன் வாயு உண்டாகும். அந்த வாயு எளிதில் பற்றிக்கொள்ளும். பெருங்குடி கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைப் பள்ளிக்கரணைச் சாலைக்கு அழைத்துப் போங்கள். சாலையில் நின்றே கூழைக்கடா பார்க்கலாம், பருவத்தில் பூநாரையும் பார்க்கலாம். அதே இடத்தில் நின்று குப்பை மேட்டையும் காட்டுங்கள். நம் வீட்டு வாழைப்பழத் தோல் அங்கே போகாமல் இங்கேயே மண்ணாகிறது என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

கடைசியாக ஒரு கேள்வி. அந்தப் பக்கெட்டை தினமும் கவனிப்பது யார்? நீங்கள் ஒருவர்தான் என்றால் அதை இன்றே மாற்றுங்கள். சருகு போடுவது மகள் வேலை. வாரம் ஒரு முறை கிளறிவிடுவது அவள் அப்பா வேலை. பசுமை, இயற்கை என்று எந்த நல்ல பேச்சு வீட்டுக்குள் வந்தாலும் அது அம்மாவின் தலையில் இன்னொரு வேலையாக ஏறி உட்காருவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அப்படி ஏறிய எதுவும் அந்த வீடுகளில் நிலைக்கவில்லை. கிளறிப் பழகியவர் தூக்கி எறியச் சொல்லவும் மாட்டார்.

வீடு முழுக்கத் துணிப்பை இருக்கிறது. கடைக்குப் போகும்போது மட்டும் ஒன்றுகூடக் கையில் இருப்பதில்லை.
— ஒரு வாசகர், சேலம்

நீங்கள் கடைக்குக் கிளம்புவது வீட்டிலிருந்து அல்ல, பெரும்பாலும் வேலை முடிந்து திரும்பும் வழியில். அப்படியானால் பை வீட்டு அலமாரியில் இருந்து என்ன பயன்? இரண்டு பையை மடித்து வண்டி சீட்டுக்கு அடியில் வையுங்கள். காலி செய்ததும் பை திரும்ப வண்டிக்குப் போக வேண்டும். அந்த வேலையை வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். இட்லி மாவு, கறி, மீன் வாங்க எவர்சில்வர் தூக்கு தனியாக ஒன்று. முதல் நாள் கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்ப்பார், அப்புறம் அவரே தூக்கை வாங்கி எடை கழித்துப் போட்டுக் கொடுப்பார்.

ஒரு எச்சரிக்கை. ஜவுளிக்கடையிலும் மளிகையிலும் தருகிற, பார்க்கத் துணி மாதிரி இருக்கிற மெல்லிய பைகள் துணி அல்ல. அவை பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் அவையும் உண்டு. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தருகிற இயந்திரத்தையும் 2022இல் வைத்தார்கள். எனக்கு இந்த இயக்கத்தில் மிகவும் பிடித்தது அந்தப் பெயர். ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பஸ்ஸில் ஏறினால் பட்டிக்காட்டான் என்று பார்ப்பார்கள். அந்தப் பையை இன்று பிள்ளைகள் பெருமையாகத் தோளில் மாட்டுகிறார்கள்.

குழந்தைக்கு ஏழு மாதம். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். டயப்பர்தான் போடுகிறோம். 'நாங்க எல்லாம் துணியில்தானே வளர்த்தோம்' என்று அத்தை தினமும் சொல்கிறார். டயப்பர் மக்காது என்று படித்ததிலிருந்து எனக்கும் குற்ற உணர்ச்சி.
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

முதலில் அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு இரவில் தூக்கம் முக்கியம்.

டயப்பரின் உள்ளே ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாக்கும் ஒரு பாலிமர் தூளும், மேலும் கீழும் பிளாஸ்டிக் படலமும் இருக்கின்றன. மக்காது என்பது உண்மைதான். அதனால் முழுவதும் விட வேண்டும் என்று இல்லை, பாதியாகக் குறைக்கலாம். இரவுக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் டயப்பர். பகலில் வீட்டில் இருக்கும்போது துணி. உங்கள் ஊர் வெயிலுக்கு அது குழந்தையின் தோலுக்கும் நல்லது, காற்றோட்டம் கிடைத்தால் சிவந்து தடிப்பது குறையும். பழைய பருத்தி வேட்டியும், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் புடவையும் இதற்கு அருமையான துணி. உங்கள் அத்தையிடமே கேளுங்கள், மடிக்கவும் கட்டவும் அவர் சொல்லித் தருவார். அவர் தினமும் சொல்வது ஒருவேளை தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லித்தானோ என்னவோ. வாசனை இல்லாத சோப்பில் அலசி, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். துவைப்பது குழந்தையின் அப்பாவாக இருக்கட்டும். இதை வேண்டிக்கேட்க ஒன்றுமில்லை, அவர் குழந்தை.

பயன்படுத்திய டயப்பரில் இருக்கும் மலத்தை முதலில் கழிப்பறையில் கொட்டிவிடுங்கள். டயப்பரைச் சுருட்டிச் செய்தித்தாளில் பொதிந்து, மேலே பேனாவால் ஒரு சிவப்பு வட்டம் போட்டுத் தனியாகக் கொடுங்கள். சானிட்டரி நாப்கினுக்கும் இதே முறைதான். உங்கள் வீட்டுக் குப்பையைக் கையால் பிரிக்கப் போகிறவர் ஒரு மனிதர், பெரும்பாலும் ஒரு பெண். அவருக்கு அந்த சிவப்பு வட்டம் ஒரு எச்சரிக்கை. டயப்பரை எரிக்கவும் கூடாது, கழிப்பறையில் தள்ளவும் கூடாது.

எங்கள் ஊர் சிவகாசிப் பக்கம். என் அப்பா வாழ்நாள் முழுக்கப் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். தங்கை இன்னும் போகிறாள். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளியில் 'பட்டாசு வெடிக்க மாட்டேன்' என்று உறுதிமொழி எடுத்துவிட்டு வந்து, 'நீங்கதான் தாத்தா காத்தைக் கெடுத்தீங்க' என்று சொல்லிவிட்டான். அப்பா அன்றிலிருந்து அவனிடம் பேசவில்லை. யார் பக்கம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.
— ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். யார் பக்கமும் பேச வேண்டாம், இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவையுங்கள்.

பையனுக்குத் தன் ஊரின் கதை தெரியாது. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கஞ்சிக்கு வழியில்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் என்று ஊர் எழுந்தது. காய்ந்த வானிலை விவசாயத்துக்குத்தான் ஆகாது, வெடிமருந்து உலர அதுவே வசதி. அந்தத் தொழிலில்தான் உங்கள் அப்பா உங்களை வளர்த்தார், நீங்கள் மகனைப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள். முதலில் இதைத் தாத்தா வாயால் கேட்கட்டும். எந்த அறையில் வேலை, மருந்து எப்படிக் கலப்பார்கள், கை என்ன நிறமாக இருக்கும், விபத்து நடந்த நாளில் ஊர் எப்படி இருந்தது, எல்லாவற்றையும் அவன் கேட்கட்டும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் 35 பேருக்கு மேல் இறந்ததை உங்கள் வீட்டில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கந்தகத்தையும் அலுமினியத் தூளையும் முதலில் சுவாசித்தது யார் என்றும் பேச வேண்டும். சுற்றுச்சூழல் பாடத்தில் உங்கள் அப்பாவின் நுரையீரலும் உங்கள் தங்கையின் நுரையீரலும் சேர்த்தி. எந்தப் பள்ளிப் பாடமும் அதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று நான் நினைக்கிறேன்.

பையன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, அதை மழுப்ப வேண்டாம். பட்டாசுப் புகையில் நுண்துகள்கள் அதிகம். பச்சை நிற ஒளி தருகிற பேரியம் உப்பு உடலுக்கு நல்லதல்ல, அதற்கு உச்ச நீதிமன்றத் தடை இருக்கிறது. 2018 அக்டோபரில் அதே நீதிமன்றம் பட்டாசு வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்தது. நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. 'பசுமைப் பட்டாசு' என்பது புகை இல்லாத பட்டாசு அல்ல. துகள்களைக் குறைந்தது 30 சதவீதமாவது குறைக்க வேண்டும் என்ற அளவில் அதன் கலவையை நாக்பூரில் உள்ள நீரி (தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம்) வகுத்தது. இந்த மாற்றங்களால் ஆலைகளில் வேலை எப்படி மாறியது என்று உங்கள் தங்கைக்குத் தெரிந்திருக்கும். அவரையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வசதிப்பட்டால் டிசம்பர் விடுமுறையில் தாத்தாவையும் பேரனையும் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்கு அனுப்புங்கள். 1977இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம் அது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாயில் கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் மிரளும் என்பதற்காகத் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வனத்துறை அவர்களுக்குத் தீபாவளி இனிப்புக் கொடுத்து நன்றி சொல்வது வழக்கம். யாரையும் குற்றம் சொல்லாமல், தங்கள் ஊர்க் கண்மாய்க்கு எது பொருந்துமோ அதைச் செய்தவர்கள் அவர்கள். பையன் அவர்களிடம் பேசட்டும்.

அவன் எடுத்த உறுதிமொழி இருக்கட்டும். வெடிக்க வேண்டாம் என்றால் வேண்டாம், யாரும் வற்புறுத்த வேண்டாம். ஆனால் தாத்தாவிடம் சொன்ன வார்த்தைக்கு அவன் வருத்தம் தெரிவிக்கத்தான் வேண்டும். அதை நீங்கள் கண்டிப்பாகச் சொல்லலாம்.

பத்தாம் வகுப்பு மகன் ஏசி வேண்டும் என்கிறான். 'பூமி சூடாகிறதுடா' என்றால், 'அதனாலதான்ப்பா ஏசி கேக்கறேன்' என்கிறான்!
— ஒரு வாசகர், ஈரோடு

சரியாகத்தான் கேட்டிருக்கிறான். ஈரோட்டு ஏப்ரல் வெயிலில் மாடி அறையில் உட்கார்ந்து படிப்பது கஷ்டம். ஏசி வாங்குவது பாவம் இல்லை. வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

மொட்டை மாடிக்கு வெள்ளையடியுங்கள். சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயிண்டோ, எது முடிகிறதோ அது. கீழே அறையில் வித்தியாசம் கையால் தொட்டாலே தெரியும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்கள். உள்ளே திரை போடுவதைவிட இது மேல், வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தடுக்கப்படும். அடுத்தது மின்விசிறி. பழைய வகை சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி மின்விசிறி முழு வேகத்திலும் 30 வாட் அளவுதான். ஒரு நாளில் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு மின்விசிறிக்கு மட்டும் 40 யூனிட் மிச்சம். மூன்று மின்விசிறி என்றால் 120.

இந்தக் கணக்கை மகனே போடட்டும். மின் கணக்கு எழுதும் வெள்ளை அட்டையை அவனிடம் கொடுங்கள். இரவு படுக்கும்போதும் காலையிலும் மீட்டரைப் பார்த்துக் குறித்து வைக்கட்டும். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் எடுக்கும். இரவு முழுக்க ஓடினால் இரண்டு மாதத்தில் எளிதாக 400, 500 யூனிட் கூடிவிடும். நம் கட்டண முறையில் மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து ஏறும். அதையும் அவன் கண்டுபிடிக்கட்டும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட உங்களுக்கு மேட்டூர் பக்கத்திலேயே இருக்கிறது. அணையில் தண்ணீரால் எடுக்கிற மின்சாரம், அருகிலேயே நிலக்கரி எரித்து எடுக்கிற அனல் மின்நிலையம், இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஏசி வேண்டியிருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டதாக வாங்குங்கள். 26இல் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். 2020 முதல் புதிய ஏசிகள் ஆன் செய்ததும் 24இல் தொடங்கும்படிதான் வருகின்றன. 18க்கு இறக்குவதால் அறை சீக்கிரம் குளிராது, இயந்திரம் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே, செடிக்கு ஊற்றலாமா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

உங்களுக்கு ஆர்.ஓ. தேவையா என்பதை முதலில் பாருங்கள். குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர் என்றால் பொதுவாக உப்பு குறைவாகவே இருக்கும். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 500க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை, 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன அளவும் அதுதான். கிருமிக்காகத்தான் பயம் என்றால் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் போதும், மண்பானையில் ஊற்றினால் இன்னும் நல்லது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் என்றால் ஆர்.ஓ. வைக்கத்தான் வேண்டும். ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகும். அதில் தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம், வாசல் தெளிக்கலாம். தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள், மண்ணில் உப்பு படிந்து இலை நுனி கருகும்.

மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். நாற்பது பேராவது வருவார்கள். பலூன், தெர்மாகோல், பேப்பர் கப் எதுவும் வேண்டாம் என்று எனக்கு ஆசை. சொந்தக்காரர்கள் கஞ்சத்தனம் என்று நினைப்பார்களோ?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

காவிரி டெல்டாவில் இருக்கிறீர்கள், திருவையாறு பக்கத்து வாழை இலை கிடைக்கிற ஊரில் யார் கஞ்சத்தனம் என்பார்கள்? நல்ல தலைவாழை இலை போட்டு, வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் எடுத்துப் பந்தி பரிமாறுங்கள். பேப்பர் கப்பின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அதுவும் தடைப் பட்டியலில் உள்ளதுதான். வருகிற குழந்தைகளுக்குக் கொடுத்தனுப்ப மண்ணில் செய்த சின்னத் தலையாட்டி பொம்மை வாங்குங்கள். உங்கள் ஊர் கைவினைஞருக்குப் பணம் போகும், பிள்ளைகளும் ரொம்ப நாள் வைத்து விளையாடுவார்கள். மரக்கன்று கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நட இடம் இல்லாத வீட்டுக்குக் கொடுத்தால் அது வாடிப்போகும், இடம் இருப்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள். குழந்தை நாலு பலூன் ஆசையாகக் கேட்டால் ஊதிக் கொடுங்கள், தவறில்லை. மினுமினுத் துண்டுகளைச் சிதறடிக்கும் பார்ட்டி பாப்பர் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். அந்தத் துண்டுகளை எந்தத் துடைப்பத்தாலும் முழுசாக அள்ள முடியாது, மழை வந்தால் நேராகச் சாக்கடைக்குப் போகும்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். ஜனவரி மாதம் அப்பாவுடன் பீச்சுக்குப் போனபோது இரண்டு ஆமைகள் செத்துக் கிடந்தன. ஸ்ட்ரா சாப்பிட்டு செத்திருக்கும் என்று என் ஃப்ரெண்ட் சொன்னாள். நான் ஸ்ட்ரா உபயோகிப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். அப்புறம் ஏன் ஆமை சாகிறது?
— ஒரு மாணவி, திருவான்மியூர்

கண்ணம்மா, இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது உன்னுடையது. அதனால் பூசி மெழுகாமல் பதில் சொல்கிறேன்.

நீ பார்த்தது பெரும்பாலும் பங்குனி ஆமையாக இருக்கும். ஜனவரியிலிருந்து நம் கரைக்கு முட்டையிட வரும். ஆமை மீன் மாதிரி தண்ணீருக்குள் சுவாசிக்காது. நம்மைப் போல அதற்கும் நுரையீரல்தான், அவ்வப்போது மேலே வந்து மூச்சு எடுக்க வேண்டும். கடலின் அடியை அரித்துக்கொண்டு போகிற இழுவலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது இழுவலைகள்தான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டன. பிளாஸ்டிக்கைத் தின்று சாகும் ஆமைகளும் உண்டு. ஆனால் அந்த மாதம் அத்தனை ஆமைகள் இறந்ததற்கு உன் கையில் இருந்த ஸ்ட்ரா காரணம் இல்லை. அந்தப் பாரம் உனக்கு வேண்டாம்.

விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆமை மட்டும் தப்பித்து வெளியே போகிற மாதிரி வலையில் பொருத்தும் சாதனமும் இருக்கிறது. சட்டத்தை நடத்திக்காட்ட வேண்டியது அரசு, சாதனத்தைப் பொருத்த வேண்டியது படகு வைத்திருப்பவர்கள். சிறிய வலையோடு கரைப் பக்கம் மீன் பிடிக்கிறவர்களை இதில் திட்டாதே. பெரிய படகுகள் கரையை அரித்தால் அவர்கள் பிழைப்பும்தான் போகிறது.

ஸ்ட்ரா வேண்டாம் என்று நீ முடிவெடுத்தது நல்ல முடிவு, அதைத் தொடர்ந்து செய். அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் விழுகிற எல்லாம் கடைசியில் அந்தக் கடலுக்குத்தான் போகும். அதோடு இன்னும் இரண்டு வேலை உனக்குச் சொல்கிறேன்.

முதலாவது, ஆமை நடை. சென்னையில் மாணவர்களே சேர்ந்து 1988இல் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று உண்டு. பருவத்தில் இரவெல்லாம் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே கரையோரம் நடந்து முட்டைகளைத் தேடுவார்கள். ஒரு கூட்டில் நூறு முட்டை அளவில் இருக்கும். அவற்றைப் பத்திரமாகப் பொரிப்பகத்தில் புதைத்து வைப்பார்கள். பொரிக்க 45 நாளுக்கு மேல் ஆகும். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் நோக்கி நகரும். தெருவிளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் சாலைப் பக்கம் போய்விடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. வார இறுதிகளில் பொதுமக்களையும் அழைத்துப் போவார்கள். அப்பா அல்லது அம்மாவோடு போ. பல கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும், மதியமே தூங்கிக்கொள். செல்போன் ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது என்று அப்பாவிடம் முன்பே சொல்லிவிடு.

இரண்டாவது, ஒரு கடிதம். நீ பார்த்ததை, பார்த்த தேதியோடும் இடத்தோடும் எழுதி, படகுகள் 5 கடல் மைலுக்கு வெளியே போகின்றனவா என்று யார் கண்காணிக்கிறார்கள் என்று கேள். பெரியவர்கள் திருத்த வேண்டாம், உன் கையெழுத்திலேயே இருக்கட்டும். மீன்வளத் துறை அமைச்சர், தலைமைச் செயலகம், சென்னை 600009 என்று முகவரி எழுதித் தபாலில் போடு. வகுப்புத் தோழிகளும் எழுதினால் தனித்தனி உறையில் போடுங்கள். பதில் வந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்பு, இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன். வராவிட்டால் அதையும் எழுது, அதையும் வெளியிடுகிறேன்.